இடப்பக்கம் திரும்பத் தெரியாத குதிரை

எங்கள் ஏரியில் வருஷா வருஷம் நடக்கிற குதிரைப் பந்தயத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் அதை வேகப் பந்தயம் என்றே நினைத்துக்கொண்டு பேசுகிறார்கள். எனக்கு வருகிற கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. அது தம் பந்தயம், மூச்சுதான் கணக்கு. வற்றின ஏரிக்குள் நான்கு சுற்று சுற்ற வேண்டும். முதல் சுற்றில் பறக்கிற குதிரையைப் பார்த்துக் கைதட்டுகிறவன் வெளியூர்க்காரன். உள்ளூர்க்காரன் அந்த நேரத்தில் டீ குடித்துக்கொண்டிருப்பான். மூன்றாவது சுற்று தொடங்கும்போதுதான் டம்ளரை வைத்துவிட்டுக் கரைமேல் ஏறுவான். எந்தக் குதிரைக்கு மூச்சு மிச்சம் இருக்கிறது என்று அப்போதுதான் தெரியும்.

எனக்கு எப்படி இதெல்லாம் தெரியும் என்றால், என் அண்ணனால். நான் அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி இட்லிக் கடை வைத்திருக்கிறவள். பௌர்ணமி வந்தால் அடுப்பை அணைக்க நேரமிருக்காது. கடைக்குப் பின்னால் ஒரு வேப்பமரம். அண்ணன் வீட்டு வாசலும் எங்கள் வீட்டு வாசலும் அந்த மரத்தைப் பார்த்துத்தான் இருக்கின்றன. ஒரு நாள் காலையில் சாம்பாருக்குத் தாளித்துவிட்டு நிமிர்ந்தால், அந்த மரத்தில் ஒரு குதிரை கட்டியிருக்கிறது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“இன்னாண்ணா இது?”

“குதிர.”

“கண்ணு தெரியுது எனக்கு. எதுக்கு இங்க கட்டியிருக்க?”

“ஏரிப் பந்தயத்துக்கு. ஜாதிக்குதிர மே. தொட்டுப் பாரு.”

தொட்டுப் பார்க்கவில்லை. வேலை தலைக்கு மேல் கிடந்தது. ஆனால் அவள் என்னைப் பார்த்தாள். பெட்டைக் குதிரை, செவலை நிறம், நெற்றியில் வெள்ளைச் சுட்டி, கால்கள் நீள நீளமாக. சென்னையில் ஓடிக்கொண்டிருந்தவளாம். அங்கே குறைந்த தூரத்துக்குத்தான் மவுசு போல. இவளுக்கோ பாதி தூரம் ஓடிய பிறகுதான் ஓடுகிற எண்ணமே வரும். லாயக்கில்லை என்று தள்ளிவிட்டார்கள். அண்ணனுக்கு அதுதான் வேண்டும். அன்றைக்கு மிஞ்சின இட்லியை நீட்டினேன், முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெல்லத்தை நீட்டினேன், கையோடு கடிக்க வந்தாள். அன்றிலிருந்து அவளுக்கும் எனக்கும் பழக்கம்.

பந்தயம் எப்படி வந்தது என்பதற்கு ஊரில் ஒரே கதைதான். ரயிலடியில் ஜட்கா வண்டிகள் நின்ற காலத்தில் இரண்டு வண்டிக்காரர்களுக்குள் வாய்த் தகராறு வந்திருக்கிறது, யார் குதிரைக்குத் தம் ஜாஸ்தி என்று. வண்டிகளை அவிழ்த்துப் போட்டுவிட்டு, வற்றிக் கிடந்த ஏரிக்குள் குதிரைகளை இறக்கிச் சுற்ற ஆரம்பித்துவிட்டார்கள். எத்தனை சுற்று என்று பேசிக்கொள்ளக்கூட இல்லை. ஒரு குதிரை போதும் என்று நின்றுவிடும் வரை சுற்றினார்களாம். ஜெயித்தவர் தோற்றவருடைய குதிரையின் கழுத்து மணியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். அடுத்த வருஷம் தோற்றவர் மணியைத் திரும்பக் கேட்டதற்கு, வா, சுற்று, ஜெயித்து வாங்கிக்கொள் என்று பதில் வந்தது. அந்த மணிதான் இன்றைக்கும் பரிசு. கையடக்கமான வெண்கல மணி, ஒரு பக்கம் கொஞ்சம் நசுங்கியிருக்கும்.

மணிக்கு ஒரு முறை உண்டு. போன வருஷம் ஜெயித்தவர் தன் கையாலேயே அதைக் கழற்றி, இந்த வருஷம் ஜெயித்த குதிரையின் கழுத்தில் கட்டி, தன் கையாலேயே ஒரு பிடி கொள்ளும் ஊட்ட வேண்டும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கட்டினால் கரையில் இருக்கும் சனம் விடாது. சிரிச்சிக்கினே கட்டு, சிரிச்சிக்கினே கட்டு என்று கத்தும்.

இன்னொரு முறையும் உண்டு. எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்று பேச்சு வந்தபோது அந்தக் காலத்தவர்கள் உட்கார்ந்து ஒரு முடிவு செய்தார்கள். வலமாகச் சுற்றுவது மலைக்கு. போட்டி போட்டுக்கொண்டு, வாய்க்கு வந்ததைப் பேசிக்கொண்டு, எதிராளியை மண்ணைக் கவ்வ வைப்பதற்காகச் சுற்றுகிற சுற்றுக்கு அந்த வழி ஆகாது. ஆகவே பந்தயம் இடப்பக்கமாகத்தான் ஓட வேண்டும். அப்படியே இன்று வரை ஓடுகிறது. திருவண்ணாமலையைத் தவிர வேறு எந்த ஊர்க்காரர்களுக்கும் இப்படி ஒரு யோசனை தோன்றியிருக்காது.

பிறகு ஆட்டோ வந்தது, ஜட்கா போனது. அதற்காக யாரும் உட்கார்ந்து அழவில்லை. வண்டிக்காரர்களின் பிள்ளைகள் வேனும் காரும் ஓட்டப் போனார்கள், ஆனால் பந்தயத்தை விடவில்லை. மட்டக்குதிரைகள் ஓடின இடத்தில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஓய்வு கொடுத்து அனுப்பின ஜாதிக்குதிரைகள் ஓட ஆரம்பித்தன. ஆற்காடு, வேலூர் பக்கத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். மழை நன்றாகப் பெய்து பங்குனியிலும் ஏரியில் தண்ணீர் நின்றால் அந்த வருஷம் பந்தயம் கிடையாது. அப்போது கரையில் நின்று தண்ணீரைப் பார்த்துவிட்டு எல்லாரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, எங்கள் ஊர்க் குதிரைகள் தோற்றுக்கொண்டே இருந்ததைத் தவிர. ஜாதிக்குதிரைகள் வந்த நாளிலிருந்து மணி எங்கள் ஊருக்குத் திரும்பவில்லை. பல வருஷமாக ஆற்காட்டிலேயே இருந்தது. அங்கே லாயம் வைத்திருக்கும் ஒரு பாய்தான் ஜெயிப்பார். வெள்ளைத் தாடி, பேச்சில் சர்க்கரை, கண்ணில் குறும்பு. அவருடைய கறுப்புக் குதிரை ஓடும்போது பார்க்க எனக்கே ஆசையாக இருக்கும். அதை வெளியில் சொல்லக் கூடாது.

எங்கள் செவலை ஓடாத ஓட்டமா? நேர் ஓட்டத்தில் கறுப்பனைப் பிடித்துவிடுவாள். வளைவு வந்ததும் வெளிப்பக்கமாக ஒதுங்கி ஒதுங்கி எங்கேயோ போய்விடுவாள். மறுபடி நேராக வந்ததும் எட்டிப் பிடிப்பாள், அடுத்த வளைவில் மறுபடி கோட்டை விடுவாள். நான்காவது சுற்று முடியும்போது அவளுக்கு மூச்சு மிச்சம் இருக்கும், பந்தயம் மிச்சம் இருக்காது. அண்ணன் லாடத்தை மாற்றினான். கொள்ளை ஊற வைக்கிற பதத்தை மாற்றினான். பூசணிக்காய் உடைத்தான். எலுமிச்சம்பழத்தை அவள் குளம்புக்கு அடியில் வைத்து நசுக்கினான். ஒரு வருஷம் என் பழைய பட்டுப் புடவையைக் கிழித்துச் சேணத்துக்கு அடியில் போட்டான். அதற்கு நான் போட்ட சண்டை தெருவுக்கே தெரியும்.

பயிற்சியில் மட்டும் குறையே சொல்ல முடியாது. தினமும் வெள்ளி முளைக்கிற நேரத்தில் அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பி மலையைச் சுற்றி வந்துவிடுவான். பாதி நடை, பாதி ஓட்டம். கிரிவலம் போகிறவர்கள் செவலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். வெயில் ஏறும் முன் திரும்பி வந்து அவளை வேப்பமரத்தில் கட்டிவிட்டு, என் கடையில் உட்கார்ந்து எண்ணாமல் இட்லி சாப்பிடுவான். மலையைச் சுத்தின குதிர மே, எப்பவாச்சும் ஒரு நாள் ஜெயிக்கும் என்பான்.

போன முறை தோற்ற அன்றுதான் வினை வந்தது. பந்தயம் முடிந்து ஏரிக்கரை டீக்கடையில் எல்லாரும் நிற்கிறார்கள். நான் கம்பங்கூழ் வாங்கிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறேன். பாய் செவலையின் கழுத்தைத் தடவிக் கொடுத்துக்கொண்டே சொன்னார்.

“தம்பி, உன் குதிரைக்கு தம் ஜாஸ்தி. புத்திதான் கம்மி.”

அண்ணன் டீயை ஊதிக் குடித்தான். அதோடு விட்டிருக்கலாம். மனுஷர் சும்மா இருக்காமல் சேர்த்துக்கொண்டார்.

“ஓட்டறவங்களப் பாத்துதான குதிரைக்கு புத்தி வரும்?”

கடை முழுக்கச் சிரிப்பு. அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. டம்ளரை டப்பென்று வைத்தான்.

“வர்ற வருஷம் நான் தோத்தா, இந்த செவலைய உங்க லாயத்துலயே கட்டிட்டு, வெறுங்கையோட நடந்தே ஊருக்கு வரேன் பாய். இது மலை மேல சத்தியம்.”

சிரிப்பு நின்றுவிட்டது. நான் கூழ்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டு அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

“பைத்தியமா உனக்கு? கோவத்துல சொல்றான் பாய், நீங்க எடுத்துக்காதீங்க.”

பாய் என்னைப் பார்க்கவில்லை. செவலையைத்தான் பார்த்தார். அவருக்கு அவள்மேல் ஒரு கண் இருந்தது எனக்கு முன்பே தெரியும்.

“மலை மேல சொல்லிட்டாரும்மா. நான் எப்படி வேணாம்னு சொல்றது? நல்லாப் பாத்துப்பேன், கவலப்படாத.”

நல்லாப் பார்த்துக்கொள்வார், சந்தேகம் இல்லை. அதனால்தான் எனக்கு அழுகை வந்தது. கெட்டவராக இருந்தால் சண்டை போட்டு முறித்திருப்பேன். வீடு வரைக்கும் அண்ணனைத் திட்டிக்கொண்டே வந்தேன். அவன் செவலையின் பக்கத்தில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடந்தான். திட்டினது அவளைத்தான் என்பதுபோல் அவளும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டாள்.

அந்த வருஷம் முழுக்க அவளைப் பார்க்கும்போதெல்லாம் வெல்லத்தைக் கொஞ்சம் கூடவே நீட்டினேன். தை மாதத்தில் ஒரு நாள் காலையில் இட்லிக் கொப்பரையை ஏற்றிவிட்டுச் சட்னிக்கு அரைத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் அவளைக் கட்டிவிட்டுக் குளிக்கப் போயிருந்தான். அவள் கனைத்தாள். அது தினமும் நடக்கிற கூத்துதான். மரத்தைச் சுற்றிச் சுற்றி மேய்ந்து, கயிறு முழுக்க மரத்தில் சுற்றிக்கொண்டு, கடைசியில் மூக்கு மரத்தில் இடிக்க நின்றுகொண்டு என்னைக் கூப்பிடுவாள். நான் போய்க் கயிற்றை முடிச்சவிழ்த்து, அதைக் கையில் பிடித்துக்கொண்டு மரத்தைச் சுற்றி ஓடி, மறுபடி கட்டிவிட்டு வருவேன்.

அன்றைக்குக் கடையில் கூட்டம். அவிழ்த்துக் கட்ட நேரமில்லை. அவளையே திருப்பிச் சுற்ற வைத்தால் கயிறு தானாக அவிழ்ந்துவிடும் என்று கழுத்தைப் பிடித்து இடப்பக்கமாகத் தள்ளினேன். நகரவில்லை. இழுத்தேன். கழுத்தை மட்டும் திருப்பினாள், உடம்பு வரவில்லை. வெல்லத்தைக் காட்டினேன். ஒரு அடி வைத்தாள், கால் பின்னிக்கொண்டது, தோளால் என்னை மரத்தோடு வைத்து ஒரு நசுக்கு நசுக்கி, போனால் போகிறது என்று என் காலையும் மிதித்தாள். உயிர் போய்விட்டது எனக்கு.

“ஏன்டி, இந்தப் பக்கம் திரும்ப உனக்கு இன்னா கேடு?”

கத்திவிட்டு அப்படியே நின்றேன். கயிற்றைப் பார்த்தேன். அது வலமாகச் சுற்றியிருந்தது. நேற்றும் அப்படித்தான், முந்தாநாளும் அப்படித்தான். இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூடக் கயிறு மறுபக்கம் சுற்றி நான் பார்த்ததில்லை. இவள் தினம் தினம் மலையை வலமாகச் சுற்றுகிறாள். திரும்புவதென்றால் வலப்பக்கம் என்று மட்டும்தான் இவளுக்குத் தெரியும். பந்தயமோ இடப்பக்கமாக! ஆற்காட்டுக் குதிரைக்கு மலை கிடையாது, அது எந்தப் பக்கம் வேண்டுமானாலும் பழகும். எங்கள் ஊர்க் குதிரைகள் அத்தனையும் மலையைச் சுற்றிப் பழகிவிட்டு ஏரியில் போய் முழிக்கின்றன. மலைக்கு மரியாதை என்று பந்தயத்தை இடமாக வைத்ததும் நாங்கள்தான், மலைக்கு மரியாதை என்று குதிரையை வலமாகப் பழக்கினதும் நாங்கள்தான். அட கடவுளே, எங்களுக்கு நாங்களே குழி வெட்டிக்கொண்டிருக்கிறோம்!

கால் வலியோடு நொண்டிக்கொண்டே குளியலறைக் கதவைத் தட்டினேன். ஈரத் தலையோடு வந்தவனை மரத்தடிக்கு இழுத்துப்போய்க் காட்டினேன். அவன் கயிற்றைப் பார்த்தான். செவலையைப் பார்த்தான். அவனே தள்ளிப் பார்த்தான், அவனையும் மிதித்தாள். அண்ணன் அப்படியே மரத்தடியில் உட்கார்ந்துவிட்டான்.

“இத்தினி வருஷமா…”

“இத்தினி வருஷமாதான். நாளையிலேர்ந்து இடப்பக்கமா பழக்கு.”

அவ்வளவுதான், குதித்து எழுந்தான்.

“மலைய இடமா சுத்தச் சொல்றியா? செத்தாலும் மாட்டேன். குதிர போனாப் போவுது.”

“மலைய சுத்தச் சொன்னனா நானு? என் வீட்டுக்காரர் கொல்ல சும்மாதான கெடக்குது, அத சுத்து. கொல்லைக்கு ஏது வலமும் இடமும்?”

“இடமா பழக்கிட்டா அப்பறம் மலைய எப்படி மே சுத்துவா? மறந்துட்டான்னா?”

“மொதல்ல மலைய சுத்தறதுக்கு குதிர நம்மகிட்ட இருக்கணும். அத யோசி.”

என் வீட்டுக்காரருக்குக் கீழ்பென்னாத்தூர் பக்கம் மானாவாரி நிலம் இருக்கிறது, கொல்லை என்போம் நாங்கள். வேர்க்கடலை எடுத்து முடித்துவிட்டால் அடுத்த மழை வரை வெறுமனே கிடக்கும். அவர் வேன் ஓட்டுகிறவர், அதிகம் பேச மாட்டார். விஷயத்தைச் சொன்னதும், சாணி நிலத்துக்கு நல்லது, தாராளமா வரட்டும் என்றார். அண்ணனும் செவலையும் அங்கே குடிபோனார்கள். ஊரில் யாருக்கும் சொல்லவில்லை. குதிரை எங்கே என்று கேட்டவர்களிடம், உடம்பு சரியில்லை, ஓய்வில் இருக்கிறது என்று நான் கூசாமல் புளுகினேன்.

முதல் நாள் பார்க்கச் சகிக்கவில்லை. வரப்பை ஒட்டி இடப்பக்கமாகச் சுற்ற வேண்டும், மூலையில் திரும்ப வேண்டும். அவள் மூலைக்கு மூலை நேராகப் பக்கத்துக் கொல்லைக்குள் போனாள். நான் உள்பக்கமாக வெல்லத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினேன். இந்த வயதில், இந்த உடம்போடு! ரோட்டில் போன டவுன் பஸ்ஸிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. பக்கத்துக் கொல்லைக்காரர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

“இன்னாங்க, செக்கு மாடு மாதிரி சுத்தறீங்க? எண்ண வருதா?”

“வந்தா உங்களுக்கும் ஒரு கிண்ணம் தரோங்க” என்றேன். மூச்சு வாங்கினதில் பாதிதான் அவர் காதில் விழுந்திருக்கும்.

கொஞ்ச நாள் கழித்துத்தான் இன்னொன்று தெரிந்தது. இடப்பக்கம் தெரியாதது செவலைக்கு மட்டும் இல்லை. வளைவு வந்தால் என் அண்ணனே வலப்பக்கம் சாய்கிறான்! அவள் சரியாகத் திரும்பப் பார்க்கிறாள், மேலே உட்கார்ந்திருக்கிற இவன் எதிர்ப்பக்கமாக இழுக்கிறான். இறங்கு கீழே என்றேன். குதிரை இல்லாமல் அவனைத் தனியாகக் கொல்லையை இடப்பக்கமாக ஓட வைத்தேன். வரப்பில் செவலை நின்றுகொண்டு வேடிக்கை பார்த்தாள். பக்கத்துக் கொல்லைக்காரர் இந்த முறை ஒன்றும் கேட்கவில்லை, எங்களைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்.

மாசி முடிவதற்குள் அவள் திரும்ப ஆரம்பித்தாள். முதலில் பயந்து பயந்து, பிறகு வேலிக்குப் போட்ட முள்ளை உரசிக்கொண்டு. ஒரு நாள் சாயங்காலம் அண்ணன் லேசாகத் தட்டிவிட்டான். நான்கு மூலையையும் வரப்போடு ஒட்டிக்கொண்டு, ஒரு இடத்திலும் ஒதுங்காமல், புழுதி மட்டும் பின்னால் எழும்ப அவள் சுற்றி வந்ததைப் பார்த்து எனக்குப் புல்லரித்தது. அண்ணன் இறங்கி வந்து வரப்பில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். நானும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

பங்குனியில் பந்தய நாள் வந்தது. காலை வெயில் இன்னும் ஏறவில்லை. ஏரி வற்றி, தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஓடுகிற பாதையை மட்டும் உழுது, பரம்படித்து, உள்பக்கம் மூங்கில் கழி நட்டிருந்தார்கள். கரை முழுக்கச் சனம். தர்ப்பூசணிக்காரர், ஐஸ்காரர், செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் வெள்ளைக்காரர்கள்கூடத் தொப்பி போட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். பாயின் மினி லாரி புளியமரத்தடியில் நின்றது. கறுப்பனை இறக்கின பிறகும் நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். இரண்டு குதிரை நிற்கிற மாதிரி நடுவில் தடுப்பு வைத்திருந்தது. காலியாக இருந்த பக்கத்தில் புது வைக்கோல் பரப்பி, சிவப்புக் கம்பளி சுற்றின புதுத் தலைக்கயிறு ஒன்று மாட்டியிருந்தது. அது யாருக்கு என்று எனக்குத் தெரியாதா? செவலையிடம் போய் நெற்றிச் சுட்டியில் முகத்தை வைத்துக்கொண்டேன். ஜெயிச்சிட்டு வந்துடுடி, நம்ம வீட்டுக்குப் போயிடலாம் என்றேன்.

கொடி விழுந்தது. பறக்கிற குதிரைகள் பறந்தன. கறுப்பன் நடுவில், செவலை வழக்கம்போல் கடைசிக்கு முன். முதல் வளைவு வந்ததும் கரையில் இருந்தவர்கள் வழக்கம்போல் சிரிக்கத் தயாரானார்கள். அவள் ஒதுங்கவில்லை. மூங்கில் கழிகளை எண்ணிக்கொண்டு போகிற மாதிரி ஒட்டிக்கொண்டே திரும்பினாள். கையில் டீ டம்ளரோடு நின்ற உள்ளூர்க்காரர்கள் அத்தனை பேரும், முதல் சுற்றிலேயே, டம்ளரை வைத்துவிட்டுக் கரைமேல் ஏறினார்கள்.

“ஏய், செவல திரும்புதுடா!”

இரண்டாவது சுற்றில் பறந்தவை எல்லாம் இளைத்துப் பின்னால் வந்தன. மூன்றாவதில் கறுப்பனும் செவலையும் மட்டும். அவனுக்கும் தம் குறையவில்லை, சும்மா சொல்லக் கூடாது. இருவரும் ஒட்டிக்கொண்டே நான்காவது சுற்றுக்குள் நுழைந்தார்கள். நான் என் வீட்டுக்காரரின் கையைக் கிள்ளிக்கொண்டே இருந்திருக்கிறேன், அவர் சாயங்காலம்தான் காட்டினார். கடைசி வளைவு. செவலை அரைத் தலை முன்னால். அந்த நேரம் பார்த்துக் கரையில் யாரோ உணர்ச்சிவசப்பட்டு உச்சக் குரலில் கத்தினார்.

“அண்ணாமலையானுக்கு…”

கரை முழுக்க, “அரோகரா!”

என் அண்ணன், வளைவின் நடுவில், ஓடுகிற குதிரையின் மேல், கடிவாள வாரை விட்டுவிட்டு இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டான்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். பிடிக்க ஆளில்லாத குதிரை, பழைய புத்தி வந்து வெளியே ஓடிவிடும், சிவப்புக் கம்பளிக் கயிறு, காலி இடம், எல்லாம் ஒரே சமயத்தில் வந்து போயின. சத்தம் கூடுகிறது. கண்ணைத் திறந்தேன். செவலை தானாகத் திரும்பிக்கொண்டிருந்தாள். வாரை யாரும் பிடிக்கவில்லை, யாரும் எதையும் சொல்லவில்லை. கீழ்பென்னாத்தூர்க் கொல்லையின் நான்காவது மூலையில் திரும்புகிற மாதிரி, கழியை உரசிக்கொண்டு, அவள் பாட்டுக்குத் திரும்பினாள். இன்னும் கையைத் தூக்கிக்கொண்டே இருந்த அண்ணனைச் சுமந்துகொண்டு, கறுப்பனைப் பின்னால் விட்டுவிட்டு, எல்லைக் கோட்டைத் தாண்டினாள்.

எப்படி அந்தக் கரையிலிருந்து இறங்கினேன் என்று தெரியாது. செருப்பு ஒன்றுதான் காலில் இருந்தது. அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு சத்தம் போட்டு அழுதேன். அண்ணன் சிரிக்கிறான், அழுகிறான், யார் யாரோ அவனைத் தூக்குகிறார்கள். ஜெயிச்சிட்டா, என் பொண்ணு ஜெயிச்சிட்டா என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னேன். அவர்களும் பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

பாய் கறுப்பனின் கழுத்திலிருந்து மணியைக் கழற்றிக்கொண்டு வந்தார். சனம் ஆரம்பித்தது, சிரிச்சிக்கினே கட்டு என்று. அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சிரித்துக்கொண்டேதான் கட்டினார். கொள்ளை ஊட்டினார். பிறகு அண்ணன் தோளில் கை வைத்தார்.

“குதிரைக்கு புத்தி வந்துடுச்சி தம்பி. உனக்குதான் இன்னும் வரல. யாராச்சும் அந்த எடத்துல கைய வுடுவாங்களா?”

“பழக்கம் பாய்” என்றான் அண்ணன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

பாய் லாரிப் பக்கம் போனார். சிவப்புக் கம்பளி சுற்றின அந்தத் தலைக்கயிற்றை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார்.

“இது அவளுக்குன்னு வாங்கினதும்மா. கறுப்பனுக்குப் போட மனசு வரல. அவகிட்டயே இருக்கட்டும்.”

வருஷம் முழுக்க மனசுக்குள் நான் அவரைத் திட்டினது அத்தனையும் திரும்ப வாங்கிக்கொண்டேன். வாய்விட்டே சொன்னேன். எவ்வளவு திட்டினேன் என்று கேட்டார், கொஞ்சம் ஜாஸ்திதான் பாய் என்றேன். அடுத்த வருஷம் மணியை வாங்கிக்கொண்டு போக வருவதாகச் சொல்லிவிட்டு லாரியில் ஏறினார்.

வீடு வரைக்கும் ஊர்வலம்தான். எங்கிருந்தோ பறை வந்தது, பூ வந்தது. செவலையின் கழுத்தில் மணி, முகத்தில் புதுக் கயிறு, பக்கத்தில் அண்ணன் ராஜா மாதிரி நடக்கிறான். கிரிவலப் பாதை வந்தது. மலை வலப்பக்கம் இருக்கும்படி திரும்ப வேண்டும். செவலை நின்றாள். தெளிவாக, அழகாக, கீழ்பென்னாத்தூரில் மூன்று மாதம் படித்த பாடத்தை ஒப்பிக்கிற மாதிரி, மலை இடப்பக்கம் இருக்கும்படி திரும்பி நடக்க ஆரம்பித்தாள். கயிற்றைப் பிடித்திருந்த அண்ணனும் கூடவே இழுபட்டான்.

“ஐயோ, ஐயோ, அந்தப் பக்கம் இல்ல!” ஊரே கத்தியது. பறை நின்றது.

“சொன்னனே மே, அப்பவே சொன்னனே!” என்று அண்ணன் அலறினான்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். கடைசியில் என் முந்தானையில் இருந்த வெல்லம்தான் அவளைத் திருப்பியது. வழியெல்லாம் அவளோடு அண்ணன் பேசிக்கொண்டே வந்தான், இது மலை, இது ஏரி இல்லை, மலைக்கு இந்தப் பக்கம் என்று. அவள் மணியை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலையில் வழக்கம்போல் கொப்பரையை ஏற்றிவிட்டுச் சட்னிக்கு அரைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் கனைப்பு கேட்டது, கூடவே மணிச் சத்தமும். போய்ப் பார்த்தேன். மரத்தைச் சுற்றிச் சுற்றிக் கயிறு முழுக்கத் தீர்ந்து, மூக்கு மரத்தில் இடிக்க நின்றிருந்தாள். கயிறு இந்த முறை இடப்பக்கமாகச் சுற்றியிருந்தது.

கடையில் யாரோ இட்லி கேட்டுக் குரல் கொடுத்தார்கள். வரேன் இருங்க என்று கத்திவிட்டு, அவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு வேப்பமரத்தை வலமாகச் சுற்றினேன். மணி அடித்துக்கொண்டே கூட வந்தாள். கயிறு அவிழ்ந்து முடிந்த பிறகும் இன்னொரு சுற்று சுற்றினோம்.